பின்வாசலுக்கு ஒரு விளக்கு

நுவரெலியாவுக்கும் இராகலைக்கும் இடையில், கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,900 மீற்றர் உயரத்தில் அமைந்த ஊர் கந்தப்பளை. தேயிலையும் மரக்கறியும் அருகருகே விளையும் ஊர் அது. அங்கே மாலை ஐந்தரை மணியளவில் மலையின் மேல்விளிம்பிலிருந்து மூடுபனி இறங்கத் தொடங்கும். முதலிற் சவுக்கு மரங்களின் தலை மறையும். பின்பு கோயிற் கூரை மறையும். சிறிது நேரத்தில் அடுத்த வீட்டு வேலியும் மறையும். கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு வீடு திரும்பும் பெண் முன்வாசலில் விளக்கை ஏற்றுகிறாள். சாமி படத்தின் முன் ஒரு சுடர். இஸ்தோப்பில் ஒரு மின்குமிழ். வீட்டின் முகம் ஒளி பெறுகிறது. ஆனால் அவளுடைய வேலை இன்னும் முடிந்தபாடில்லை. விறகு பின்புறத்தில் இருக்கிறது. தண்ணீர்க் குழாய் பின்புறத்தில் இருக்கிறது. கோழிக்கூடும் கழிப்பறையும் அங்கேயே இருக்கின்றன. அந்தப் பின்புறமோ இருளிற் கிடக்கிறது.

வீட்டின் கொல்லைப்புறத்துக்கு எத்தகைய விளக்கு வேண்டும், அதனை எங்கே, எவ்வாறு பொருத்துதல் வேண்டும் என்பது பட்டணத்து மாளிகைகளில் அலங்காரத்தைப் பற்றிய பேச்சாக இருக்கலாம். மலையகத் தோட்டப்புறத்தில் அது காலையும் கையையும் உயிரையும் பற்றிய பேச்சாகும். ஆதலின் அதனைச் சற்று விரிவாகவே நோக்குதல் தகும்.

மலையகத்தில் கொல்லைப்புறம் என்பதே பலருக்குப் புதிய உடைமை. வெள்ளைக்காரத் துரைமார் காலத்தில் எழுந்த லயன்களுட் பல இரட்டை லயன்கள். நீண்ட ஒரு கூரையின் கீழ், நடுவில் ஒரு சுவர். அச்சுவரின் இருபுறத்திலும் ஒன்றுக்கொன்று முதுகு காட்டியவாறு காம்பிராக்கள். ஒரு காம்பிராவின் அளவு பெரும்பாலும் 10 அடிக்கு 12 அடி. இவ்வமைப்பில் பின்வாசல் வைக்க வழியே இல்லை. ஒரு குடும்பத்தின் பின்சுவர் அடுத்த குடும்பத்தின் பின்சுவராகும். குளிப்பதற்குப் பொதுப் பீலி. கழிப்பறையோ லயனுக்கு அப்பால், சரிவின் மறுபக்கத்தில். இரவில் அங்கே செல்ல வேண்டிய பெண்கள் இருவர் மூவராகச் சேர்ந்து, ஒரு குப்பி விளக்கின் துணையோடு போய்வருவது வழக்கமாயிருந்தது.

ஒளியைப் பொறுத்தவரை இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. நாட்டுக்கு மின்சாரம் கொடுத்ததே இந்த மலையின் தண்ணீர். மலைநாட்டு ஆறுகளின் வீழ்ச்சியிலிருந்து நாடு முழுவதற்கும் மின்வலுப் பெறலாம் என்பதைப் பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர 1918ஆம் ஆண்டிலேயே ஓர் ஆய்வுரையில் எடுத்துரைத்தார். அவர் கண்ட கனவு 1950இல் இலக்சபான நீர்மின் நிலையமாக நனவாயிற்று. கெகல்கமு ஓயாவும் மஸ்கெலிய ஓயாவும் தேயிலை மலைகளின் நடுவே பாய்பவை. மவுசாகலை நீர்த்தேக்கம் பழைய மஸ்கெலியாப் பட்டினத்தையே தன்னுள் அடக்கிக்கொண்டது. அவ்வாறு பிறந்த மின்சாரம் உயரக் கம்பிகளில் ஏறி, லயன்களின் கூரைக்கு மேலாகவே கொழும்புக்குச் சென்றது. தேயிலைத் தொழிற்சாலைகளுட் பல அதற்கும் முன்னரே ஓடையில் உருளையிட்டுத் தம் மின்சாரத்தைத் தாமே ஆக்கிக்கொண்டன. தொழிற்சாலையின் யன்னல்கள் இரவெல்லாம் ஒளிர, அதன் கீழேயிருந்த லயன்களில் மண்ணெண்ணெய் எரிந்தது. கம்பி லயனுக்குள் இறங்கி வருவதற்குப் பல்லாண்டுகள் சென்றன.

இன்று காட்சி மாறிவருகிறது. தோட்டக் குடும்பங்களுக்குத் தனி வீடும், அதற்கென 7 பேர்ச் நிலமும் வழங்கும் திட்டங்கள் 2015ஆம் ஆண்டுக்குப் பின் பல தோட்டங்களில் நடைபெற்றன. இந்திய அரசின் உதவியுடன் 4,000 வீடுகள் கட்டும் திட்டமும், 2017இல் நோர்வூட்டில் அறிவிக்கப்பட்ட மேலும் 10,000 வீடுகளுக்கான திட்டமும் அவ்வழியில் வந்தவை. 7 பேர்ச் என்பது ஏறத்தாழ 1,900 சதுர அடி. அதில் 550 சதுர அடி வீட்டுக்குப் போக, எஞ்சுவது 1,350 சதுர அடி. முன்னே சிறிது பூச்செடி; பின்னே கரட், லீக்ஸ், கோவாப் பாத்திகள், ஒரு குழாயடி, ஒரு விறகுக் கொட்டில். இன்னும் லயன்களில் வாழ்வோர் பலர் உளர் என்பது உண்மை. ஆயினும், தனக்கென ஒரு பின்வாசல் கிடைத்த குடும்பம் அதனை இரவிலும் தன்னுடையதாக ஆக்கிக்கொள்ள வேண்டாமா?

இனி விளக்கைப் பற்றிக் கூறலாம். பலர் செய்யும் முதற் பிழை, கடைக்குப் போய் இருப்பதில் மிகப் பெரிய விளக்கை வாங்கி, கூரை முகட்டின் கீழ் உயர அறைந்துவிடுவதாகும். விளையாட்டு மைதானத்துக்கு உரிய அந்தப் பெருவிளக்கு கொல்லையை வெளுக்கச் செய்யும். படிக்கட்டின் மேலோ கரிய நிழலைப் போடும். கால் வைக்க வேண்டிய இடம் அந்த நிழலுக்குள்ளே இருக்கும்.

ஆகவே வாங்குவதற்கு முன் ஒரு வேலை உண்டு. நிலவில்லாத ஓர் இரவிற் கைவிளக்குடன் பின்வாசலைத் திறந்து, அன்றாடம் நடக்கும் வழியே ஒருமுறை நடந்து பார்த்தல் வேண்டும். கால் எங்கே தயங்குகிறது? கை எங்கே தடவுகிறது? தலை எங்கே இடிக்கிறது? மலைச்சரிவில் வெட்டித் திருத்திய நிலமாதலால், கதவைத் தாண்டியதும் இரண்டு மூன்று படிகள் இருக்கும். மழைக்காலத்தில் அவற்றிற் பாசி படியும். அதற்கடுத்துக் கான் ஒன்று குறுக்கே ஓடும். அதன் மேல் ஒரு பலகை. பிறகு குழாயடி, கழிப்பறை வாயில், விறகுக் கொட்டில். இவ்வாறு தயங்கிய இடங்களை எண்ணினால் நான்கு அல்லது ஐந்து தேறும். விளக்கு வேண்டிய இடங்கள் அவையே. பாத்திகளுக்கும் வேலிக்கும் விளக்கு வேண்டுவதில்லை. கோவாவுக்கு இரவில் வெளிச்சம் தேவையில்லை.

அடுத்தது உயரம். ஒரு விளக்கிலிருந்து விலகிச் செல்லச் செல்ல ஒளி எவ்வாறு குறைகிறது என்பது பாடசாலையிற் படித்த கணக்குத்தான். தூரம் இருமடங்கானால் ஒளி நாலிலொன்று. தூரம் மும்மடங்கானால் ஒளி ஒன்பதிலொன்று. 3 மீற்றர் உயரத்திலுள்ள விளக்கு படிக்கட்டின் மேல் விழுத்தும் வெளிச்சத்தை, 1 மீற்றர் உயரத்தில் வைத்த, அதில் ஒன்பதிலொரு பங்கு வலுவே உடைய சிறு விளக்கு விழுத்திவிடும். இடுப்பளவு உயரத்தில், ஒளி கீழ்நோக்கி மட்டும் விழுமாறு மேலே மூடியுள்ள விளக்கே படிகளுக்கும் நடைபாதைக்கும் ஏற்றது. குழாயடிக்கும் கதவுக்கும் மட்டும் தலைக்குச் சற்று மேலே இருக்கலாம். அங்கே முகத்தையும் கையையும் காண வேண்டியிருக்கிறது.

கந்தப்பளை போன்ற ஊருக்கு இக்கணக்கு இன்னும் அதிகமாகப் பொருந்தும், காரணம் மூடுபனி. மூடுபனி என்பது காற்றில் மிதக்கும் நீர்த்துளிகளின் கூட்டம். உயரத்தில் வைத்த பலத்த விளக்கின் ஒளி நிலத்தைச் சேருமுன் எண்ணற்ற துளிகளிற் பட்டுச் சிதறி, பார்ப்பவர் கண்ணுக்கே திரும்பி வருகிறது. வெள்ளைத் திரை ஒன்று முன்னே தொங்குவது போன்ற அந்த மயக்கம், வெளிச்சத்தைக் கூட்டக் கூட்ட மிகுமேயன்றிக் குறையாது. பனிமூட்டத்திற் பாரவூர்தி ஓட்டுவோர் முன்விளக்கின் ஒளியைத் தாழ்த்திக்கொள்வது இதனாலேயே. தாழ்வாக வைத்த விளக்கின் ஒளியோ, சிறிது தூரமே பனியினூடு சென்று நிலத்தைத் தொட்டுவிடுகிறது.

மஞ்சள் ஒளி பனியைத் துளைக்கும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. நீர்த்துளி ஒளியின் அலைநீளத்தைவிடப் பல மடங்கு பெரியதாதலின், அது மஞ்சளையும் நீலத்தையும் ஏறக்குறைய ஒரே அளவிற் சிதறடிக்கிறது. ஆகவே நிறத்தாற் பனி விலகுவதில்லை. எனினும் மஞ்சள் சார்ந்த இளஞ்சூட்டு ஒளியை விரும்புவதற்கு வேறு காரணங்கள் உள்ளன. அது இருளிற் பழகிய கண்ணைக் கூசச் செய்வது குறைவு. விட்டில்களையும் பூச்சிகளையும் அழைப்பதும் குறைவு. விளக்குப் பெட்டியின் மேல் 2,700 கெல்வின் அல்லது 3,000 கெல்வின் என்று அச்சிட்டிருந்தால் அது இவ்வகை. 6,500 கெல்வின் என்றிருந்தால் நீலம் கலந்த வெண்மை. அதனை வீட்டுக்குள்ளே வைத்துக்கொள்ளலாம், கொல்லைக்கு வேண்டாம். மறுநாட் சந்தைக்குப் போகும் கரட்டையும் லீக்ஸையும் இரவிற் கழுவித் தரம் பிரிப்போருக்கு மட்டும் வெண்மையான ஒரு விளக்குத் தேவைப்படும். அழுகலையும் நிறத்தையும் கண்டறிய அது உதவும். வேலை முடிந்ததும் அணைத்துவிடலாம்.

எவ்வளவு வலுவுள்ள விளக்கு வேண்டும்? பழைய இழைக்குமிழ்க் காலத்தில் 60 வாற்று என்றால் எல்லாருக்கும் விளங்கும். அதே ஒளியை இன்று எல்.ஈ.டி குமிழ் 8 அல்லது 9 வாற்றிலே தந்துவிடுகிறது. நீல நிற ஒளியை உமிழும் இருவாயியைக் கண்டுபிடித்தமைக்காக ஜப்பானிற் பிறந்த அறிஞர் மூவருக்கு 2014இல் பௌதிகத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. அந்தக் கண்டுபிடிப்பே இச்சிக்கனத்துக்கு அடிப்படை. கொல்லைப்புறப் படிக்கு 3 வாற்று போதும். கதவுக்கு 5 வாற்று. படிக்கும் குழாயடிக்கும் கழிப்பறை வழிக்கும் மும்மூன்று வாற்று. மொத்தம் 14 வாற்று. மாலையில் 5 மணித்தியாலமும், வேலைக்குப் புறப்படும் முன் அதிகாலையில் 2 மணித்தியாலமும் எரிந்தால், மாதத்துக்கு 3 அலகுக்குள் அடங்கிவிடும். அந்த நான்கு இடங்களிலும் பழைய 60 வாற்றுக் குமிழை எரித்தால் மாதத்துக்கு 50 அலகு ஆகும். அலகு கூடக்கூட விலையும் படிப்படியாக ஏறும் கட்டண முறையில் இவ்வேறுபாடு சிறிதன்று.

அடுத்து மழையைப் பற்றிய சிந்தனை. ஆண்டின் இரு பருவக்காற்றுகளும் நனைக்கும் மலை இது. மழை இல்லாத நாளிலும் பனி விளக்கின் இடுக்குகளிற் புகுந்து உள்ளே வியர்க்கும். வெளிவிளக்குகளின் மேல் ஐ.பீ. என்ற எழுத்துகளும் இரண்டு இலக்கங்களும் காணப்படும். முதலிலக்கம் தூசியைத் தடுக்கும் ஆற்றலையும், இரண்டாமிலக்கம் நீரைத் தடுக்கும் ஆற்றலையும் குறிப்பன. இறவாரத்தின் கீழ் நனையாமல் இருக்கும் விளக்குக்கு 44 போதும். வானம் பார்த்த விளக்குக்கு 65 வேண்டும். இவ்விலக்கம் இல்லாத விளக்கு, விலை எவ்வளவு குறைந்திருந்தாலும், வீட்டுக்குள் வைப்பதற்கே உரியது. விளக்கினுள் வடம் கீழ்ப்புறமாக நுழைதல் நன்று. நுழையுமுன் அதனைச் சிறிது தொங்கவிட்டு வளைத்து ஏற்றினால், வடத்தின் வழியே ஓடிவரும் மழைநீர் வளைவின் அடியில் நின்று சொட்டிவிடும்; விளக்குக்குள் ஏறாது. செலவில்லாத இவ்வொரு வளைவு விளக்கின் ஆயுளை நீட்டும்.

ஈரமும் மின்சாரமும் சந்திக்கும் இடத்தில் உயிருக்கு ஆபத்து. வீட்டுக்கு வரும் மின்சாரம் 230 வோல்ற்று. காய்ந்த தரையிற் செருப்போடு நிற்பவருக்கு ஒரு சிறு அதிர்ச்சியாக முடிவது, ஈர மண்ணில் வெறுங்காலோடு குழாயைப் பிடித்திருப்பவருக்கு மரணமாக முடியலாம். கொல்லைப்புறத்தில் எல்லாரும் நிற்பது பெரும்பாலும் இந்த இரண்டாம் நிலையிலேயே. ஆகவே மூன்று காப்புகள் இன்றியமையாதன. முதலாவது, மின்னொழுக்கைக் கண்டவுடன் மின்சாரத்தை நிறுத்தும் கருவி; டிரிப் சுவிட்ச் என்று எல்லாரும் அறிந்தது. 30 மில்லியம்பியர் அளவு மின்சாரம் வழிதவறி மண்ணுக்குப் போனாலும் அது கண்ணிமைக்கும் நேரத்திற் சுற்றைத் துண்டித்துவிடும். அதிலுள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்த்தல் வேண்டும். அழுத்தியும் விழாத டிரிப் சுவிட்ச் காவல் நிற்கும் பாவனை செய்யும் பொம்மையே. இரண்டாவது, நல்ல நிலத்தொடுப்பு. உலோக உடல் கொண்ட விளக்கு ஒவ்வொன்றும் நிலக்கம்பியோடு இணைக்கப்பட வேண்டும். மூன்றாவது, ஆளிகள் வீட்டுக்குள்ளே, பின்கதவின் அருகில் இருத்தல்; ஈரக்கையுடன் வெளியே நின்று எவரும் ஆளியைத் தட்ட நேரக்கூடாது. விளக்கு எரிந்த பின்னரே கதவு திறக்கப்படும் என்பதும் இதனாற் கிடைக்கும் நன்மை.

இவ்வேலையைத் தேசிய தொழிற்றகைமை பெற்ற மின்னிணைப்பாளரைக் கொண்டே செய்வித்தல் வேண்டும். ஒருவர் கூலியை மிச்சப்படுத்த எண்ணிக் கூரை மரத்தில் ஆணியடித்து, வீட்டுக்குள் ஓடும் மெல்லிய இரட்டைக் கம்பியை வெளியே இழுத்துக் கொல்லைக்குக் கொண்டுபோகிறார். வெயிலில் அதன் உறை வெடிக்கிறது; எலி கடிக்கிறது; துணி காயப்போடும் கம்பி அதனோடு உராய்கிறது. ஆறு மாதம் ஒன்றும் நேர்வதில்லை. ஏழாம் மாதம் ஒரு மழைநாளில் ஈரத்துணியை விரிக்கும் தாயின் கையை அது தீண்டுகிறது. மிச்சப்படுத்திய கூலி அவ்வளவே.

நிலத்தினடியிற் கொண்டுசெல்லும் வடம் உலோகக் கவசமுள்ளதாக, அல்லது தடித்த குழாயினுள் இட்டதாக இருத்தல் வேண்டும். மண்வெட்டியும் முள்ளும் நாள்தோறும் வேலை செய்யும் நிலமாதலின், பாத்திகளுக்கு ஊடே கொண்டுசெல்லாமல் வேலியோரமாக, மண்வெட்டி எட்டாத ஆழத்தில் புதைத்தல் நன்று. வடத்துக்கு ஒரு சாண் மேலே எச்சரிக்கை நாடா ஒன்றை இட்டுவைத்தால், பின்னாளில் தோண்டுபவர் அதனைக் கண்டு நிறுத்துவார். சரிவில் மேலிருந்து கீழாக வெட்டிய பள்ளம் மழைநீருக்கு வாய்க்காலாகிவிடும் என்பதையும் மறத்தலாகாது. 2014 ஒக்டோபர் 29ஆந் தேதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலையே சரிந்து லயன்களை மூடிய துயரத்தை மலையகம் என்றும் மறவாது. வடம் புதைக்கும் சிறு பள்ளத்தால் மலை சரியும் என்பதில்லை. எனினும் வீட்டின் பின்னேயுள்ள மண் அணையின் அடியைத் தோண்டி மென்மையாக்குவதும், நீர் உள்ளிறங்க வழிசெய்வதும் எந்நாளும் தீது. பள்ளத்தை அன்றன்றே மூடி, மண்ணை இறுக மிதித்துவிடல் வேண்டும். அணையை ஒட்டிய இடத்திற் சுவர் வழியாகவே வடத்தைக் கொண்டுசெல்லலாம்.

இவ்வளவு தொல்லை வேண்டாம் என்போருக்கு இரு வழிகள் உண்டு. ஒன்று, 12 வோல்ற்று விளக்குகள். மின்மாற்றியை வீட்டுக்குள் வைத்து, அதிலிருந்து வெளியே வருவது ஈரத்திலும் கொல்லாத சிறு மின்னழுத்தம் மட்டுமே. கம்பி நீண்டுவிட்டாற் கடைசி விளக்கு மங்கும் என்பது இதன் குறை. சற்றுத் தடித்த கம்பியால் அது தீரும். மற்றொன்று, சூரிய ஒளியில் மின்னேற்றும் விளக்கு. தோண்டவும் வேண்டாம், கட்டணமும் இல்லை. ஆயினும் கடையில் விற்கும் வகைகளுட் பலவற்றில் சூரியத் தகடு விளக்கின் தலையிலேயே ஒட்டியிருக்கிறது. அது வெயில் கொளுத்தும் சமவெளிக்குப் பொருந்தும். நாட்கணக்கிற் சூரியனைக் காணாத கந்தப்பளையில், அதுவும் இறவாரத்தின் நிழலில், அவ்விளக்கு ஏழு மணிக்கு எரிந்து எட்டு மணிக்கு உறங்கிவிடும். தகடு வேறு, விளக்கு வேறாகப் பிரிந்த வகையை வாங்கி, தகட்டைக் கூரையின் மேல் மரநிழல் படாத இடத்தில் தெற்கே சற்றுச் சாய்த்து வைத்தாற் பயன் மிகும். பாசியும் தூசியும் படியாமல் அதனைத் துடைத்துவர வேண்டும். மழைக்காலம் முழுவதும் அதனையே நம்பியிருத்தல் ஆகாது. அடுத்த விளக்குக்குத் துணையாக அது நல்ல விளக்கு.

ஆள் வந்தால் தானே எரியும் விளக்குகளும் இப்போது பரவலாகக் கிடைக்கின்றன. உடற்சூடு அசைவதைக் கண்டுகொண்டு அவை எரிகின்றன. சுற்றுப்புறம் குளிர்ந்திருந்தால் உடற்சூடு தெளிவாக வேறுபட்டுத் தெரியுமாதலின், வெப்பமான ஊர்களைவிட மலைநாட்டில் இவை நன்கு இயங்கும். கண்ணாடி வில்லையிற் பனிநீர் கோத்தால் மட்டும் பார்வை மழுங்கும், துடைத்துவிட வேண்டும். இரவில் ஒருமுறை எழுந்து செல்லும் முதியவருக்கும் சிறுவருக்கும், ஆளியைத் தேடாமலே வழிகாட்டும் இவ்விளக்கு பேருதவி.

விளக்கை எதற்கெல்லாம் நம்பலாம், எதற்கு நம்பலாகாது என்பதையும் கூறியாக வேண்டும். மலைநாட்டுத் தேயிலைக் காடுகளிற் சிறுத்தை உலவுகிறது. நாயைத் தேடி லயன்புறம் வருவதும் உண்டு. வெளிச்சத்தைக் கண்டு சிறுத்தை எப்போதும் ஓடிவிடும் என்று எண்ணி நாயை வெளியே கட்டிப்போடுதல் பிழை. இரவில் நாயை உள்ளே அடைப்பதே காப்பு. விளக்கினால் வரும் நன்மை வேறு: அடி எடுத்து வைக்குமுன் எதிரே இருப்பது தெரிகிறது. அவ்வளவு போதும். இருளுக்கு அஞ்சியும் காட்டுப்பன்றியின் தொல்லைக்கு ஆற்றாமலும் சிலர் வேலியோரம் சுருக்குக் கம்பி வைக்கிறார்கள். வேறு சிலர் வேலிக்கம்பியில் வீட்டு மின்சாரத்தையே செலுத்திவிடுகிறார்கள். 2020 மே மாதம் நல்லதண்ணித் தோட்டப்பகுதியில் அரிய கருஞ்சிறுத்தை ஒன்று அத்தகைய சுருக்கில் அகப்பட்டு, பின்னர் இறந்தது. மின்சாரம் பாய்ச்சிய வேலியோ விலங்குக்கும் மனிதருக்கும் வேறுபாடு அறியாது. அது சட்டத்துக்கும் மாறானது. அயல்வீட்டுக் குழந்தைக்கும் யமனாவது.

அயலவர் என்றதும் இன்னொன்று. சரிவில் வீடுகள் படிப்படியாக அமைந்திருக்கின்றன. மேல்வீட்டின் பின்வாசல் விளக்கு மூடியின்றி இருந்தால், அதன் ஒளி கீழ்வீட்டின் படுக்கையறை யன்னலில் இரவெல்லாம் நிற்கும். கீழ்வீட்டார் மரியாதை கருதி வாய்திறவாதிருக்கலாம். அதற்காக அவர்கள் உறங்கினார்கள் என்று பொருளாகாது. மேலே மூடியிட்டு ஒளியைத் தரைக்குத் திருப்பினால் இப்பகை பிறவாது. செடிகளுக்கும் இரவு வேண்டும். செவ்வந்தி, இரவு நீள்வதை அறிந்தே மொட்டுவிடும் செடி. பூவுக்காக அதனை வளர்ப்போர் அருகில் விடியவிடிய விளக்கெரித்தால், இலை தழைக்கும், பூவோ தாமதிக்கும்.

இறுதியாக, மின்சாரம் இல்லாத நேரம். 2022ஆம் ஆண்டு நெருக்கடியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு ஏற்பட்டதை யாரும் மறந்திருக்கமாட்டார்கள். அப்போது பல வீடுகளில் அலமாரியின் மேலிருந்த குப்பி விளக்கு மீண்டும் கீழிறங்கியது. அந்த விளக்கினால் இந்நாட்டில் எரிகாயம் பட்டோர் மிகப் பலர். ஒரு போத்தலில் மண்ணெண்ணெயை ஊற்றி, திரியைச் செருகி, மூடியின்றி வைத்தால், அது சாய்ந்தவுடன் எண்ணெய் கொட்டித் தீயும் பரவும். அக்காயங்களுக்குச் சிகிச்சை செய்த சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர, மருந்தோடு நின்றுவிடாமல் விளக்கையே திருத்தினார். குட்டையாய், கனமாய், இரு பக்கமும் தட்டையாய், திருகு மூடியுள்ளதாய் ஒரு கண்ணாடி விளக்கை அவர் அமைத்தார். எளிதிற் சாயாது, சாய்ந்தாலும் உருளாது, உருளாமையால் உடைவதும் அரிது, எண்ணெயும் கொட்டாது. அப்பணிக்காக 1998இல் அவருக்கு ரோலெக்ஸ் விருது கிடைத்தது. பெருஞ்செலவோ பெருங்கருவியோ இன்றி, ஒரு விளக்கு விழுந்தால் என்ன நேரும் என்று முன்கூட்டி எண்ணியதன் பயன் அது. இன்று மின்னேற்றும் கைவிளக்கு ஒன்றைப் பின்கதவின் ஆணியில் எப்போதும் தொங்கவிட்டு வைத்தாற் குப்பி விளக்கின் தேவையே எழாது. அந்த ஆணியை வீட்டிலுள்ள குழந்தையும் அறிந்திருக்க வேண்டும்.

கொல்லைப்புற விளக்கைத் தெரிவு செய்வோரும் அவ்வாறே முன்கூட்டி எண்ணுதல் வேண்டும். மழை பெய்தால் என்ன, வடம் அறுந்தால் என்ன, பனி மூடினால் என்ன, வீட்டின் மூத்தவர் தனியே எழுந்து வந்தால் என்ன என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, அதற்கு விடையாக ஒவ்வொரு விளக்கையும் வைத்தல் வேண்டும். அப்படி வைத்தால் நான்கு சிறு விளக்குகள் போதும். மாதம் மூன்று அலகு போதும்.

கந்தப்பளையில் பழைய ஹெதர்செட் தேயிலைத் தொழிற்சாலை 1996ஆம் ஆண்டு முதல் விருந்தினர் விடுதியாக விளங்குகிறது. இரவிற் பனியினூடே அதன் யன்னல் வரிசை தொலைவிலிருந்து தெரியும். காண்பவர் அதனை அழகென்பர். அதே மலையில், ஒரு சிறு வீட்டின் பின்படியில், இடுப்பளவு உயரத்தில் 3 வாற்று விளக்கொன்று எரிகிறது. தொலைவிலிருந்து அது தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. அதன் வெளிச்சத்தில் ஒரு கிழவி தனியாகப் படியிறங்கி, கான் பலகையைக் கடந்து, குழாயடிக்குப் போகிறாள். அவளுடைய இளமையில் அந்நேரத்தில் வெளியே செல்ல மூவர் துணை வேண்டியிருந்தது. இப்போது அவள் எவரையும் எழுப்பவில்லை.